'ஃபேர்' என்று எழுதிய பட்டியலும் என் அட்வான்ஸ் பணமும்

பெங்களூரில் வாடகை வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸில் கை வைப்பார்கள் என்பது ஊரறிந்த கதை. பெயின்டிங் சார்ஜ் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இங்கே எழுதாத சட்டமாகவே ஆகிவிட்டது. அதற்கு நான் மனதளவில் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் என் பணம் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். அக்ரிமென்டிலும், அதோடு பின் குத்தியிருந்த பொருள் பட்டியலிலும் இருந்த 'ஃபேர்' என்ற ஒரு ஆங்கிலச் சொல்லில். அந்தச் சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டு, எந்த இடத்தில் எது செல்லும் என்று யாராவது முன்பே உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் நாலைந்து மாதத் தூக்கம் மிஞ்சியிருக்கும், கொஞ்சம் பணமும் மிஞ்சியிருக்கும். எனக்கு அப்படிச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. உங்களுக்காவது முன்கூட்டியே தெரியட்டும் என்றுதான் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

வீடு அல்சூரில், சோமேஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் உள்ள ஒரு குறுக்குத் தெருவில். பழைய கட்டடம், முதல் மாடி, ஒரு படுக்கையறை. வாடகை 22,000, அட்வான்ஸ் 2,00,000. ஓனர் அங்கிள் தமிழர்தான். அவருடைய தாத்தா காலத்திலேயே வட ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட குடும்பம். புரோக்கரும் தமிழர். நான் கோவில்பட்டியிலிருந்து வேலைக்காக வந்தவள். அம்மா அப்பா ஊரில். நம்மாட்கள் வீடு என்பதால் அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. குடிவந்த வாரம் புரோக்கர் அக்ரிமென்டோடு ஒரு பட்டியலும் கொண்டுவந்தார். இடது பக்கம் பொருளின் பெயர், வலது பக்கம் அதன் நிலை. கீசர், குட். சமையல் மேடை, குட். மின்விசிறிகள், குட். ஹால் சுவர், ஃபேர். படுக்கையறை வாட்ரோப், ஃபேர். குளியலறைக் கதவு, ஃபேர். குறிப்பு என்று மூன்றாவதாக ஒரு கட்டம் இருந்தது. அது முழுக்கக் காலி. ஹால் சுவரின் அடியில் ஓதம் ஏறி இடுப்பளவுக்கு உப்புப் பூத்திருந்ததை அப்போதே காட்டிக் கேட்டேன். "அதுக்குத்தான் மேடம் ஃபேர்னு போட்டிருக்கேன், கவலைப்படாதீங்க" என்றார். கையெழுத்து ஆனது. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அக்ரிமென்டைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அதே பட்டியலை ஜெராக்ஸ் எடுத்து அதே இடத்தில் பின் குத்தினார்கள்.

மூன்று வருடத்துக்குப் பிறகு ஆபீஸ் ஒயிட்ஃபீல்டு பக்கம் மாறியது. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து, பாக்கி ஒரு பைசா இல்லாமல் கரண்ட் பில் வரைக்கும் கட்டி, சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். "பணத்த பையன் அனுப்புவான்மா, அவன்தான் எல்லாம் பாக்குறான்" என்றார் அங்கிள். மகன் வெளிநாட்டில். பத்து நாள் கழித்து அவரிடமிருந்து மெயில் வந்தது. ஹால் சுவர் ஓதத்துக்கு 26,000. வாட்ரோப்பில் சன்மைக்கா பெயர்ந்து பிளைவுட் உப்பியதற்கு 18,500. குளியலறைக் கதவு அடிப்பாகம் இற்றுப்போனதற்கு 9,000. பெயின்டிங் 22,000. சுத்தம் செய்ய 4,500. ஆகமொத்தம் 80,000 பிடித்தம். மீதி 1,20,000 ரூபாயும், நான் சம்மதம் என்று பதில் போட்டால்தான் வரும்.

அந்த மெயிலைப் பார்த்த ராத்திரி எப்படிப் போயிற்று என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க இந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தேன். அம்மா போட்டுவிட்ட சங்கிலியையும் இரண்டு வளையலையும் வங்கியில் அடகு வைத்து 1,30,000 வாங்கினேன். ஊரில் சொல்லவில்லை. சொன்னால் அப்பா அடுத்த ரயிலில் வந்து நிற்பார், அவருக்கு நெஞ்சு வலி வந்து போன நேரம் அது. ஆபீஸில் சொன்னால் "பெங்களூர்ல இதெல்லாம் சகஜம், விட்டுடு" என்றார்கள். 80,000 ரூபாயை விட்டுவிடு என்பது சொல்கிறவருக்குச் சுலபம். அங்கிளுக்கு போன் செய்தால், "ஏம்மா, நீயே ஃபேர்னு கையெழுத்து போட்டுத்தானே வாங்கின? நல்லா இருந்த வீட்டை நல்லா திருப்பிக் குடுக்கணும்ல?" என்றார். அவர் என்னைக் கெட்டவளாக நினைத்துப் பேசவில்லை என்பதுதான் அதிகம் வலித்தது. ஃபேர் என்றால் நன்றாக இருக்கிறது என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

அன்றிலிருந்துதான் அந்தச் சொல்லைத் துருவ ஆரம்பித்தேன். நம் ஊரில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் இது தெரிந்த சொல். ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு. அடித்தல் திருத்தல் இல்லாமல் அழகாக எழுதுவது ஃபேர். மணமகள் தேவை விளம்பரத்தில் வந்தால் சிவப்பு நிறம். அந்தப் பொருளில் அந்தச் சொல்லை எடுத்து எத்தனை பெண்களை அழவைத்திருக்கிறார்கள் என்பது தனிக் கதை. பெயரிலேயே அதை வைத்திருந்த முகப்பூச்சு க்ரீம்கூட 2020-ல் அந்தச் சொல்லைக் கைவிட்டுப் பெயரை மாற்றிக்கொண்டது. ரேஷன் கடைப் பலகையில் ஃபேர் பிரைஸ் ஷாப் என்று இருந்தால் நியாய விலைக் கடை. ஆக நம் காதுக்கு இந்தச் சொல் அழகு, வெளுப்பு, நேர்த்தி, நியாயம் என்று நல்ல விஷயமாகவே பழகியிருக்கிறது. அங்கிள் நினைத்ததில் ஆச்சரியமே இல்லை. சொல்லின் பூர்விகமும் அதுதான். பழைய ஆங்கிலத்தில் அதற்கு அழகான, இனிமையான என்றுதான் பொருள். வெளுத்த நிறம், நியாயம் என்பதெல்லாம் பின்னால் கிளைத்தவை. பெங்களூரின் நிலக்கடலைத் திருவிழாவான கடலெக்காய் பரிஷேயை இங்குள்ள ஆங்கிலப் பத்திரிகைகள் நிலக்கடலை ஃபேர் என்று எழுதுகின்றனவே, அந்த ஃபேர் எழுத்தில் ஒன்றாக இருந்தாலும் இதற்குச் சொந்தமில்லை. அது லத்தீனில் திருநாளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த வேறு வார்த்தை. பஸ் டிக்கெட்டின் ஃபேர் எழுத்திலேயே வேறு.

ஆனால் ஒரு பொருளின் நிலையைச் சொல்லும் பட்டியலில் வரும்போது இந்தச் சொல் குணம் மாறிவிடுகிறது. அங்கே அது ஒரு படிக்கட்டில் ஒரு படி. குட், ஃபேர், புவர் என்று வரிசை வைத்தால் ஃபேர் நடுப்படி. நன்றாக இருக்கிறது என்பதற்குக் கீழே, மோசம் என்பதற்கு மேலே. பயன்படுத்தலாம், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற குறை உண்டு என்று அர்த்தம். பழைய புத்தகம் விற்கிறவர்களின் உலகத்தில் இந்த வரிசை இன்னும் நீளம். ஃபைன், வெரி குட், குட், ஃபேர், புவர். அங்கே ஃபேர் என்று போட்டால் அட்டை கிழிந்திருக்கும், உள்ளே பக்கங்கள் இருக்கும், அவ்வளவுதான். பழைய போன் விற்கும் பல இணையதளங்களில் ஃபேர்தான் கடைசித் தரம். கீறலும் நசுங்கலும் இருக்கும், விலையும் அதற்கேற்பக் குறைவு. 'ஃபேர்லி குட்' என்றாலும் ஓரளவுக்கு நன்றாக இருக்கிறது என்றுதான் பொருள், ரொம்ப நன்றாக என்று இல்லை.

இதைத் தெரிந்துகொண்டு மகன் அனுப்பிய மெயிலை மறுபடி படித்தேன். நாலு வரிக்குள் அந்தச் சொல் நாலு முறை வந்திருந்தது. நாலும் நாலு பொருளில். நாங்கள் ஃபேராக நடந்துகொண்டிருக்கிறோம் என்பது முதல் வரி. அது நியாயமாக என்ற பொருள். வீட்டை ஃபேர் கண்டிஷனில் கொடுத்தோம் என்பது இரண்டாவது. அதை அவர் நல்ல நிலை என்ற பொருளில் எழுதியிருந்தார், பட்டியலின் கணக்குப்படி அது சுமார் நிலை. 'எ ஃபேர் அமௌன்ட் ஆஃப் டேமேஜ்' ஆகியிருக்கிறது என்பது மூன்றாவது. இங்கே கவனம் வேண்டும். அளவைச் சொல்லும்போது ஃபேர் என்பது நடுத்தரமாக நிற்பதில்லை, கணிசமான என்று மேலே ஏறிவிடும். சுமாரான சேதம் என்று நினைத்து நாம் ஒப்புக்கொண்டு பதில் எழுதினால், பெரிய சேதத்தை ஒப்புக்கொண்டதாக ஆகும். நாலாவது, 'ஃபேர் வேர் அண்ட் டேர்'. சாதாரணமாக ஒரு வீட்டில் குடியிருந்தால் தானாக வருகிற தேய்மானம். அக்ரிமென்டில் இதற்குக் குடியிருப்பவர் பொறுப்பில்லை என்று ஒரு வரி இருக்கும். உங்கள் அக்ரிமென்டையும் எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

நாலு பொருளையும் நாலு காகிதத்தில் தனித்தனியாக எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் பயம் குறைந்தது. பட்டியலை எடுத்துப் பார்த்தபோது இன்னொன்றும் புலப்பட்டது. ஒரே ஆள், ஒரே பேனாவில், கீசருக்கு குட் என்று எழுதியிருக்கிறார், சுவருக்கு ஃபேர் என்று எழுதியிருக்கிறார். இரண்டும் ஒரே பொருள் என்றால் ஏன் இரண்டு சொல்? குட் என்பதற்கும் ஃபேர் என்பதற்கும் வித்தியாசம் இருந்ததால்தானே மாற்றி எழுதினார்? அகராதியை விட எனக்குப் பெரிய துணையாக நின்றது இந்த ஒரு பக்கம்தான். இதே மாதிரி சிக்கலில் இருப்பவர்கள் முதலில் உங்கள் காகிதத்திலேயே அந்தச் சொல் பக்கத்தில் வேறு என்ன சொற்கள் இருக்கின்றன என்று பாருங்கள். ஒரு பெயரடையின் பொருளைத் தீர்மானிப்பது அதன் அண்டை வீட்டுக்காரர்கள்தான்.

சாட்சி கிடைத்தது எதிர்பாராத இடத்தில். பால் காய்ச்சிய அன்று அம்மாவுக்காக வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தேன். பால் பொங்கியதும் கேமராவை வீடு முழுக்கச் சுற்றிக் காட்டியிருக்கிறேன். ஹால் சுவரில் ஓதம் ஏறிய கோடு, பக்கத்தில் வைத்த பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகு உயரத்துக்குத் தெளிவாகத் தெரிகிறது. வாட்ரோப்பின் இடது கதவில் கீழ் மூலையில் சன்மைக்கா கை நகம் நுழைகிற அளவுக்கு ஏற்கெனவே தூக்கியிருக்கிறது. அந்த வாட்ரோப்புக்கு அந்தப் பக்கம் குளியலறைச் சுவர். ஈரம் அங்கிருந்துதான் வருகிறது. பிளைவுட் ஈரம் குடித்தால் உப்பும், ஒட்டிய சன்மைக்கா பெயரும். நான் துணி அடுக்கியதால் வந்த சேதம் இல்லை அது. அம்மா எதையும் அழிக்காத ஆள் என்பதால் தேதியோடு அப்படியே அவர் போனில் இருந்தது. என் போன் நடுவில் மாறிவிட்டது, என்னிடம் இல்லை.

அப்புறம்தான் வக்கீலிடம் போனேன். சிவாஜிநகர் பக்கம் ஒரு தமிழ் வக்கீல் அக்கா. அவர் சொன்னவற்றில் உங்களுக்கும் உதவுவதைச் சொல்கிறேன். பெங்களூரில் மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டினால் 1999-ம் ஆண்டின் கர்நாடக வாடகைச் சட்டம் பொருந்தாது. இன்றைக்கு அந்த வாடகையில் வீடு ஏது? ஆகவே நமக்கெல்லாம் அக்ரிமென்டும், 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும்தான். அதில் 108-வது பிரிவு, எம் உட்பிரிவு. குடியிருப்பவர் வீட்டை எந்த நிலையில் வாங்கினாரோ அதே நல்ல நிலையில் திருப்பித் தர வேண்டும், ஆனால் ரீசனபிள் வேர் அண்ட் டேர், அதாவது இயல்பான தேய்மானமும், தடுக்க முடியாத இயற்கைச் சேதமும் இதற்கு விலக்கு. சட்டம் ரீசனபிள் என்கிறது, அக்ரிமென்ட் எழுதுகிறவர்கள் ஃபேர் என்கிறார்கள். இரண்டும் இந்த இடத்தில் ஒரே வேலைதான் செய்கின்றன. முக்கியமானது, வாங்கியபோது இருந்த நிலை என்ன என்பது. வாங்கியதே சுமார் நிலையில் என்றால் திருப்பித் தருவதும் அதே சுமார்தான், புத்தம் புதிதாக்கித் தர வேண்டியதில்லை. டெபாசிட்டுக்கு உச்சவரம்பு இல்லையா என்று கேட்டேன். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டத்தில் குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகை என்று இருக்கிறது, ஆனால் அது மாதிரிதான், மாநிலம் சட்டமாக்கினால்தான் கட்டுப்படுத்தும் என்றார்.

நோட்டீஸுக்கு 3,500 ரூபாய் வாங்கினார். வழக்குப் போடச் சொல்லி அவசரப்படுத்தவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம் உண்டு, பதறாதே என்றார். கோர்ட்டுக்குப் போகாமலே சட்டப் பணிகள் ஆணையத்தில் மனுக் கொடுத்து இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசவைக்கலாம், லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்துக்குக் கோர்ட் கட்டணம் கிடையாது என்றும் சொன்னார். கர்நாடக மாநில ஆணையம் சித்தையா சாலையில் நியாய தேகுலா கட்டடத்தில் இருக்கிறது. தேசிய அளவில் 15100 என்ற எண்ணில் இலவசமாகக் கேட்கலாம். இந்த எண் எனக்கு முதல் வாரமே தெரிந்திருந்தால் அந்த ராத்திரிகள் வேறு மாதிரி போயிருக்கும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. வேலை பார்க்கிற பெண்கள் பலருக்கு இது தெரியாது.

நோட்டீஸ் போன பிறகு மகனிடமிருந்து போன் வந்தது. முதலில் சூடாகத்தான் பேசினார். நான் வாதாடவில்லை. பட்டியலின் போட்டோவையும் வீடியோவையும் அனுப்பி, குட் என்றும் ஃபேர் என்றும் தனித்தனியாக எழுதியிருப்பதை மட்டும் காட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கிள் வீட்டு ஹாலிலேயே உட்கார்ந்து, மகன் வீடியோ காலில் இருக்க, ஒவ்வொரு வரியாகப் பேசினோம். அங்கிள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அந்த வீடியோவைப் பார்த்தார். "ஓதம் அப்பவே இருந்துச்சுதான்" என்று மகனிடம் அவரே சொன்னார். சுவர் கணக்கு அங்கேயே போயிற்று. கதவும் போயிற்று. வாட்ரோப்பில் வலது கதவின் கீல் என் காலத்தில் உடைந்தது. அதற்கு ஆசாரி சொன்ன 5,500 ரூபாயை ஒப்புக்கொண்டேன். பெயின்டிங் 22,000, சுத்தம் 4,500 அவர்கள் விடவில்லை. அக்ரிமென்டில் ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்கு என்று தனியாகவே எழுதியிருந்தது, அதில் எந்தப் பெயரடையும் இல்லை. ஆக 32,000 போக 1,68,000 கையில் வந்தது. நகைக் கடன் வட்டி 5,000-க்கு மேல், வக்கீல் 3,500, போட்ட லீவுகள் தனி.

பணம் வருவதற்கு முன்னால் ஒன்று நடந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். ரசீதில் 'ஃபுல் அண்ட் ஃபைனல்' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். பேசி முடித்த தொகை என்பதால் எனக்கு அது சரிதான். ஆனால் தகராறு நடக்கும்போதே, இப்போதைக்கு இந்த 1,20,000-ஐ வைத்துக்கொள் என்று யாராவது இதே வார்த்தையோடு அனுப்பினால் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். மீதிக்கு உரிமை இல்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாக வாதாடுவார்கள். பகுதித் தொகையாகப் பெறுகிறேன், மீதியைப் பற்றிய என் கோரிக்கை அப்படியே இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்து வாங்குங்கள்.

இப்போது தோழிகள் யார் வீடு மாறினாலும் நான் சொல்வது இதுதான். குடிபோகிற அன்றே, சாமான் இறக்குவதற்கு முன், எல்லா அறையையும் வீடியோ எடுங்கள். சுவரின் அடி, கதவின் அடி, சிங்க்குக்குக் கீழே, வாட்ரோப் உள்பக்கம். குறை இருக்கிற இடத்தில் கை விரலையோ ஸ்கேலையோ பக்கத்தில் வைத்தால் அளவு புரியும். அதை அன்றைக்கே ஓனருக்கு அனுப்புங்கள், வீட்டில் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். குடியிருக்கும்போது ஓதம், கசிவு எது தெரிந்தாலும் போனில் சொல்லிவிட்டு விடாமல் ஒரு மெசேஜும் போடுங்கள். அக்ரிமென்டைப் புதுப்பிக்கும்போது பழைய பட்டியலை அப்படியே ஜெராக்ஸ் போட விடாதீர்கள், அன்றைய நிலையை எழுதச் சொல்லுங்கள். சாவி கொடுக்கும் நாளில் ஓனரோ அவர் ஆளோ கூட நடந்து பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். பிடித்தம் சொன்னால் எஸ்டிமேட் போதாது, பில் கேளுங்கள். தகராறில்லாத தொகையை முதலில் அனுப்பச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கடைசி மாதங்களின் வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்று பலர் சொல்வார்கள். ஓனர் எழுத்தில் சம்மதித்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் வாடகை பாக்கி என்ற பழி உங்கள் மேல் வரும்.

அக்ரிமென்டில் 'ஓனரின் கருத்துப்படி' என்று வருகிற வரிகளைத் தேடிப் பாருங்கள். ஃபேர் என்ற சொல்லை விட அதுதான் ஆபத்து. கிரிக்கெட்டில் எது ஃபேர், எது அன்ஃபேர் என்று முடிவு செய்பவர் அம்பயர் மட்டுமே என்று விதியிலேயே இருக்கிறது. அங்கே சரி, அம்பயர் இரண்டு அணியிலும் ஆடுவதில்லை. வாடகை அக்ரிமென்டில் பணத்தைப் பிடிக்கிறவரே அம்பயராகவும் இருந்தால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் இருந்து என்ன பயன்? நிலம் கையகப்படுத்தும் 2013-ம் ஆண்டுச் சட்டத்தைப் பாருங்கள். அதன் பெயரிலேயே ஃபேர் காம்பன்சேஷன் என்று இருக்கிறது. ஆனால் சொல்லோடு விட்டுவிடவில்லை. சந்தை மதிப்பு எப்படிக் கணக்கிடுவது, கிராமப்புறம் என்றால் எத்தனை மடங்கு வரை, அதற்கு மேல் நூறு சதவீதம் ஆறுதல் தொகை என்று கணக்கே எழுதிவைத்திருக்கிறது. நியாயம் என்று எழுதினால் அதற்கு அளவும் கூடவே எழுத வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதே அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரி வந்தது. அதில் 'ஜி.சி. ஃபேர்' என்று ஒரு வரி. அம்மா பக்கத்து வீட்டுப் பையனிடம் காட்டியிருக்கிறார், அவன் சுமார் என்று சொல்லிவிட்டான். அம்மா போனில் அழுதார். ஜி.சி. என்றால் ஜெனரல் கண்டிஷன், பொதுவான உடல்நிலை. மருத்துவத்தில் ஃபேர் என்றால் நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் சீராக இருக்கிறது, நினைவோடு இருக்கிறார், கொஞ்சம் அசௌகரியம் இருக்கலாம், ஆனால் பயப்படும் நிலை இல்லை என்று அர்த்தம். அமெரிக்க மருத்துவமனைகள் நோயாளியின் நிலையைச் சொல்ல வைத்திருக்கும் வரிசையில் குட், ஃபேர், சீரியஸ், கிரிட்டிகல் என்று வரும். அங்கே ஃபேருக்குக் கீழே இரண்டு படி இருக்கிறது. வீட்டுப் பட்டியலில் எனக்குச் சுமார் என்ற பொருள் தேவைப்பட்டது, அப்பாவின் தாளில் பரவாயில்லை என்ற பொருள் தேவைப்பட்டது. இரண்டு இடத்திலும் சரியான பொருள் அந்தந்த வரிசையைப் பார்த்தபோதுதான் கிடைத்தது. மருத்துவமனைத் தாளில் புரியாத பெயரடை வந்தால் அக்கம்பக்கத்தில் கேட்காமல் டாக்டரிடமோ நர்ஸிடமோ, இதற்கு மேலே என்ன எழுதுவீர்கள், கீழே என்ன எழுதுவீர்கள் என்று கேளுங்கள். அம்மாவுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

புது வீட்டு அக்ரிமென்டில் ஃபேர் என்ற சொல் பட்டியலில் எங்குமே இல்லை. ஹால் கிழக்குச் சுவர், தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு ஓதம், பெயின்ட் உதிர்கிறது. சமையலறை இரண்டாவது இழுப்பறை, கைப்பிடி இல்லை. குளியலறைக் கதவு, அடியில் ஒரு விரற்கடை இற்றுள்ளது. இப்படித்தான் எழுதியிருக்கிறோம். தேய்மானப் பிரிவில், சுவர் நிறம் மங்குவது, ஆணித் துளை, ஈரத்தால் மரம் உப்புவது, குழாய் வாஷர் தேய்வது எல்லாம் இயல்பான தேய்மானம், இவற்றுக்குப் பிடித்தம் இல்லை என்று பெயர் சொல்லிச் சேர்த்தோம். வேறு எதற்காவது பிடித்தால் பில் காட்ட வேண்டும், மீதி அட்வான்ஸ் சாவி கொடுத்த பதினைந்து நாளுக்குள் வர வேண்டும். இந்த ஓனர் அம்மா கன்னடம் பேசுபவர். படித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடி உடைந்தால் நீங்கள் தர வேண்டும் என்பதையும் சேர்த்துவிடலாமா என்று கேட்டார். சேர்த்தோம்.